கொழுத்த பாசி

நான் ஓரிடத்தில் ஆறுதலாக இருந்ததாக எங்கள் வீட்டில் யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். தேத்தண்ணீரை நின்றபடி குடிப்பேன். பஸ் வரச் சுணங்கினால் அடுத்த தரிப்பிடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவேன். பாதி வழியில் பஸ் என்னைக் கடந்து போய்விடும். "காலிலை சில்லுப் பூட்டித்தான் உன்னைப் பெத்தனான்" என்று அம்மா சொல்வார்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, கண்ணாடிப் போத்தல்களுக்குள் பாசி வளர்ப்பது. கையால் அள்ளுகிற பாசி இல்லை. கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத, கடலின் நுண்பாசி. வடித்த கடல்நீரில் கொஞ்சம் விட்டு, வெளிச்சமும் காற்றும் உரமும் கொடுத்துக்கொண்டு வந்தால் சில நாட்களில் போத்தல் முழுவதும் பொன்பழுப்பு நிறமாகிவிடும். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் மெல்லிய வாலை ஆட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடித்திரியும். எனக்கு அந்தப் பாசியைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். இருக்க மாட்டாத சீவன் உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று ஒரு சந்தோசம்.

கொழும்புத்துறைக் கரையில் இருக்கிறது எங்கள் கடலட்டைக் குஞ்சு பொரிப்பகம். பெயர்தான் பெரிது. தகரக் கூரை போட்ட கொட்டில், சில தொட்டிகள், நான் பாசி வளர்க்கிற சின்ன அறை. அவ்வளவுதான். அங்கே தொழில் செய்யும் குடும்பங்கள் சில சேர்ந்து நடத்துகிற இடம். கடலட்டை வளர்க்கக் கடலுக்குள் வலை கட்டிப் பண்ணை வைத்திருப்பவர்கள் குஞ்சுக்குத் தூர இடங்களை நம்பி நிற்காமல் இங்கேயே பொரித்தெடுக்கலாம் என்று தொடங்கினார்கள். பாசி வளர்க்கப் படித்த ஆள் தேவைப்பட்டது. நான் போய்ச் சேர்ந்தேன்.

அதை முன்னின்று நடத்தியது ஒரு கணவனும் மனைவியும். அவரை நான் அண்ணை என்றும் அவவை அக்கா என்றும் கூப்பிடுவேன். குருநகர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அண்ணை தொட்டிகளும் குழாய்களும் நீர்ப்பம்பியும் பார்ப்பார். அக்கா என்னோடு சேர்ந்து குடம்பிகளைப் பார்ப்பா. குடம்பி என்றால் முட்டையிலிருந்து வந்து, இன்னும் அட்டை உருவம் எடுக்காமல் தண்ணீரில் மிதக்கிற பருவம். அந்தப் பருவத்துக்கு என் பாசிதான் சோறு.

இந்தக் குஞ்சுகளில் அக்காவுக்கு இருந்த அக்கறை வேறு. அண்ணை முன்னர் நீண்ட காலம் கட்டாரில் வேலை செய்தவர். திரும்பி வந்தபோது பிள்ளைகள் அவரை முற்றத்தில் நிற்பாட்டிவைத்து ஆரோ மாமா வந்திருக்கிறார் என்று அக்காவைக் கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பா, ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்காது. கடலுக்குள் அவர்களும் ஒரு பண்ணை கட்டியிருந்தார்கள். வலை இருந்தது, அட்டை இல்லை. இந்தப் பருவமும் பண்ணை வெறுமையாகக் கிடந்தால் மறுபடி கட்டாருக்குப் போவது என்று அண்ணை முடிவெடுத்திருந்தார். பயண முகவரிடம் பாஸ்போர்ட்டும் கொடுத்தாயிற்று.

"தங்கச்சி, எப்பிடியாவது இந்தமுறை குஞ்சைக் கரைசேர்த்துத் தாங்கோ" என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னா. "இவர் இனியும் போனால் எனக்கு ஏலாது."

எனக்கும் ஏலாது என்றுதான் நினைத்தேன். அண்ணை இல்லாத அந்தக் கொட்டிலை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆணி அடிப்பது முதல் மின்வயர் இழுப்பது வரை எல்லாம் அவர் கைதான். தண்ணீர் இழுப்பதற்குக் கரையிலிருந்து கொஞ்சத் தூரம் கடலுக்குள் பனைமரத் தூண்களான பனங்கப்புகள் நட்டு, மேலே பலகை அடித்து, உறிஞ்சு குழாயை அந்தக் கப்புகளோடு கட்டியிருந்தார். கூரையில் சோலார் தகடு. கரண்ட் நின்றாலும் பம்பி நிற்காது.

ஆனி மாதத்தில் அவர்களுடைய கோயில் பெருநாள் வந்தது. பெருநாளுக்கு முன் அந்தக் கரையில் பூசாத பொருள் இருக்காது. வீட்டுச் சுவருக்கு வெள்ளை, வள்ளத்துக்கு நீலம், வாசல் படலைக்குப் பச்சை. அண்ணை எங்கள் கொட்டிலையும் விடவில்லை. தொட்டிகளின் வெளிப்பக்கத்துக்குப் புதிதாகப் பூசி, கொட்டில் கப்புகளிலிருந்து கடலுக்குள் நின்ற கப்புகள் வரை இரண்டு தடவை எண்ணெய் பூசிக் கறுப்பாக்கிவிட்டிருந்தார். கறையானும் அண்டாது, உக்கவும் மாட்டாது என்றார். எங்கள் கோப்பாய் வீட்டிலும் வேலிக் கப்புக்கும் கூரை மரத்துக்கும் அதைத்தான் செய்வார்கள். பார்த்ததும் மனதுக்கு நிறைவாக இருந்தது. நல்லாயிருக்கு அண்ணை என்று நானும் சொன்னேன்.

பெருநாள் முடிந்த கையோடு என் பாசி கொழுக்கத் தொடங்கியது.

சும்மா சொல்லவில்லை. நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எண்ணெய்த் துளி மின்னியது. சாயம் போட்டுப் பார்த்தால் துளிகள் மஞ்சளாக ஒளிர்ந்தன. பாசி அறைக்கு அக்காவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். "பாருங்கோ, எப்பிடிக் கொழுத்திருக்கு. உதைத் திண்டால் குடம்பி ஒரு மாதத்திலை நடந்து போகும்." அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "எனக்குச் சின்னச் சின்ன உளுந்து மாதிரித் தெரியுது, நல்லமோ?" என்றா. நல்லம் நல்லம் என்று நான் குதித்தேன்.

பாசி முன்னைப்போல ஓடவில்லை என்பதையும் கண்டேன். கனம் கூடினால் ஓட்டம் குறையும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறுதலாக யோசிக்கத் தெரிந்த ஒருத்தியாக இருந்திருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பேன்.

கடலட்டைக் குடம்பிக்கு ஒரு கணக்கு உண்டு. காதுமடல் வடிவத்தில் மிதந்து திரிகிற அது வளர்ந்து வரும்போது, உடம்பின் ஓரங்களில் கண்ணாடிமணி போலச் சின்ன உருண்டைகள் தோன்ற வேண்டும். குடம்பி சேர்த்துவைக்கிற கொழுப்பு அது. அந்த மணிகள் இருந்தால்தான் உருமாறி, பீப்பாய் வடிவமெடுத்து, கடைசியில் தொட்டிக்குள் வைக்கிற தகட்டில் ஒட்டிக் குஞ்சாகும். அதற்கிடையில் அது ஒன்றும் தின்னாத ஒரு காலம் வரும். சேர்த்ததை வைத்துத்தான் கடக்க வேண்டும். மணி இல்லாத குடம்பி சுருங்கிக்கொண்டு போய் ஒருநாள் தொட்டி அடியில் தூசாகக் கிடக்கும்.

எங்கள் குடம்பிகளுக்கு மணி வரவில்லை. வயிறு நிறையப் பாசி இருந்தது. ஓரங்களில் ஒன்றுமே இல்லை. தொட்டியின் அடி மெல்ல மெல்லச் சாம்பலானது. தாய் அட்டைகளை மறுபடி முட்டையிட வைத்தோம். மறுபடியும் அதே கதை. அந்தத் தொட்டியைக் கழுவி ஊற்றும்போது அக்கா வாளியை வைத்த சத்தம் பலமாகக் கேட்டது.

பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தி தெற்கே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறாள். பாசியை உலர்த்திப் பொதி செய்து அவளுக்கு அனுப்பினேன். அவள் கூப்பிடும் வரை ஃபோனை நான் கீழே வைக்கவில்லை. ஸ்கூட்டியைச் சந்தியில் நிறுத்திவிட்டுத்தான் அந்த அழைப்பை எடுத்தேன்.

"கொழுப்பு கனக்க இருக்கடி" என்றாள். "ஆனா குடம்பிக்குத் தேவையான கொழுப்பு இல்லை. நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் எல்லாம் விழுந்துபோச்சு. மற்றது, அந்தச் சும்மா சேமிக்கிற கொழுப்பு ஏறிப்போய் நிக்குது. உன்ரை பாசிக்கு என்னமோ நடந்திருக்கு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் வெட்கமாக இருந்தது. ஊரடங்கு வரப்போகுது என்று ஒரு கதை அடிபட்டால் எங்கள் ஊரில் என்ன நடக்கும்? மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் வாங்கி அறைக்குள் அடுக்குவார்கள். அறை நிறைந்திருக்கும், வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது. பாசியும் அப்படித்தான். சுகமாக இருக்கும்போது பெருகும், ஓடும், தன் மென்சவ்வுகளுக்கு வேண்டிய அந்த நல்ல கொழுப்பமிலங்களைச் செய்யும். தண்ணீரில் நஞ்சோ சூடோ வந்து நெருக்கினால் பெருகுவதை நிறுத்திவிட்டுக் கெட்டிக் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு முடங்கும். மென்மையான கொழுப்பமிலங்கள்தான் முதலில் சிதையும். நான் கண்டு குதித்தது கொழுமையை இல்லை, பயத்தை.

அன்று வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். நல்லூர்த் திருவிழா தொடங்கியிருந்த நேரம். வீட்டில் மச்சம் இல்லை, மரக்கறிதான். கடலில் இருந்து வருகிற நான் கிணற்றடியில் தலைமுழுகாமல் குசினிக்குள் கால் வைக்க முடியாது. ஈரத் தலையோடு நின்று, மீனெண்ணெய் மீனெண்ணெய் என்கிறார்களே, அந்தக் கொழுப்பை மீன் பெரும்பாலும் தானாகச் செய்வதில்லை, பாசிதான் செய்கிறது, பாசியைத் தின்றதைத் தின்று மீனுக்குப் போகிறது என்று விளக்கினேன். பாசி கெட்டால் முழுக்கடலுக்கும் சாப்பாடு கெட்ட மாதிரி என்றேன்.

அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். "அப்ப பாசி மரக்கறிதானே?"

"ஓம்."

"பிறகேன் நீ தலை முழுகிறாய்?" என்று கேட்டுவிட்டு, தானே யோசித்து, "அட்டையையும் தொடுறாய்தானே, முழுகு" என்றார்.

பாசியை நெருக்குவது எது? அதுதான் கேள்வி. நான் அலையத் தொடங்கினேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

காலையில் வெயில் ஏற முன்னமே கரைக்கு வந்து தண்ணீர் எடுப்பேன். கடனீரேரி அந்த நேரத்தில்தான் அலையில்லாமல் கிடக்கும். நகரத்து வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில் எடுத்தேன். அங்கே சவர்க்கார நுரை, பொலித்தீன், பெயர் சொல்ல முடியாத கறுப்புச் சேறு. வள்ளங்கள் கட்டுகிற துறையில் எடுத்தேன். எஞ்சின் கழுவிக்கொண்டு நின்ற ஒருவரோடு சண்டைக்குப் போனேன். "உந்த எண்ணெய் முழுக்க எங்கடை தொட்டிக்கல்லோ வருகுது" என்று கத்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பிள்ளை, நான் உப்பைக் கழுவுறன்" என்றார்.

வாய்க்காலோரம் வாகனம் திருத்துகிற கராஜ் ஒன்று இருந்தது. வாசல் மண் கறுத்துப்போய்க் கிடந்தது. அந்தக் கராஜ்காரர்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஸ்கூட்டியால் இறங்காமலே, பழைய ஒயிலை வாய்க்காலுக்குள் ஊற்றுகிறீர்கள்தானே என்று கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நான் ஏன் பிள்ளை ஊத்த வேணும்? கழிஞ்ச ஒயிலுக்கு ஆக்கள் வெறுங் கானைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கினம். வேலிக்கு, கப்புக்கு, கூரைக்கு எண்டு. பெருநாள் நேரம் எனக்கே மிஞ்சேல்லை."

பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இன்று அந்தக் கராஜைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

வாய்க்காலுக்கு நான் நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கவில்லை. அந்தத் தண்ணீரில் வளர்த்த பாசியும் வாடத்தான் செய்தது. ஆனால் வாய்க்கால் பெருநாளுக்கு முன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போது எங்கள் குடம்பிகளுக்கு மணி வந்தது. இந்தக் கணக்கு எனக்கு இடித்தது. ஆனாலும் நின்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. கடலுக்குள் எங்கள் உறிஞ்சு குழாயடியில் காலையில் எடுத்த தண்ணீரில் வளர்த்தால் பாசி ஓடியது. தொட்டிக்கு வந்து சேர்ந்த தண்ணீரில் வளர்த்தால் முடங்கியது. இடையில் மணல் வடி, குளோரின், அதை முறிக்கிற மருந்து. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி மாற்றினோம். ஒன்றும் மாறவில்லை. எனக்கு விசர் பிடித்தது.

அண்ணை இதற்குள் மனதை எடுத்துவிட்டார். ஒருநாள் தொட்டி விளிம்பில் இருந்தபடி சொன்னார், கோபமில்லாமல்.

"பிள்ளை, நீங்கள் உங்கடை வேலையைச் செய்யுங்கோ. எனக்கு விசா வந்திட்டுது. நல்லூர்த் தேர் முடிய பிளேன் ஏறுறன்."

"இன்னும் ஒருமுறை பாப்பம் அண்ணை. கண்டுபிடிச்சிடுவன்."

"கண்டுபிடிப்பியள். எனக்கு அதில சந்தேகமில்லை. ஆனா பண்ணைக்குள்ளை விட ஒண்டும் இல்லையே. சும்மா வலையைப் பாத்துக்கொண்டு எவ்வளவு காலம் இருக்கிறது?"

அக்கா மறுபக்கம் திரும்பி நின்று குடம்பித் தொட்டியின் காற்றுக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தா. அது சரியாகத்தான் இருந்தது.

போவதற்கு முதல்நாள் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டிலைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக ஒப்படைத்தார். எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்புவது, எந்தப் பிளக்கில் அடி வாங்கலாம், எல்லாம். கடலுக்குள் நின்ற பம்பித் தட்டைக் கரையிலிருந்து காட்டினார். "வெய்யில் ஏறத்தான் சோலார் நல்லா இழுக்கும். மத்தியானத்திலைதான் கனக்கத் தண்ணி வரும். அப்ப சல்லடையிலை சாதாளை அடைக்கும். இவ்வளவு நாளும் நான் இறங்கிக் கழுவினனான், இனி நீங்கள் ஆரும் ஒருத்தர் இறங்க வேணும். மாரிக்கு முதல் கப்புகளுக்கு இன்னொருக்கால் பூசிவிடுங்கோ. எண்ணெய்க் கான் மூலையிலை கிடக்கு."

ஓம் ஓம் என்றேன். அவர் போவதைத் தடுக்க முடியாத ஆத்திரத்தில் அவர் சொன்ன எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. சாதாளை என்று அவர் சொன்ன கடற்புல் மட்டும் மனதில் நின்றது.

அவர் ஏறிய பிறகு கொட்டில் வேறு இடமாகிவிட்டது. அக்கா வேலைக்கு வந்தா, வேலையைச் செய்தா, போனா. புதிதாக முட்டையிட வைப்பதற்கு அவவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் தண்ணீர் வரத்துக் குறைந்தது. சல்லடை அடைத்திருக்க வேண்டும். சாரியை மடித்துக்கொண்டு இறங்க அக்கா ஆயத்தமானா. நீங்கள் நில்லுங்கோ என்று நானே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சும்மா இருக்க முடியாமல்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் முழங்கால் வரை சூடாகக் கிடந்தது. பம்பித் தட்டுக்குக் கிட்டப் போனபோது கையைக் கப்பில் ஊன்றினேன்.

கை வழுக்கியது.

எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை கறுப்பாக இருந்தது. பனங்கப்பு வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றது. மரத்தின் நாருக்குள் காலையில் அடங்கிக் கிடக்கிற எண்ணெய், உச்சி வெயிலில் இளகி இழையிழையாகக் கீழே வழிந்து தண்ணீரைத் தொட்டது. ஒவ்வொரு கப்பைச் சுற்றியும் வானவில் நிறத்தில் ஒரு வளையம். அந்த வளையங்களுக்கு நடுவில், கப்போடு சேர்த்துக் கட்டியபடி, எங்கள் உறிஞ்சு குழாய். மேலே சோலார் முழுமூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது.

நான் தண்ணீர் எடுத்ததெல்லாம் காலையில். காலையில் இங்கே ஒரு துளி எண்ணெயும் இருந்திருக்காது. மத்தியானத்தில் இந்த இடத்துக்கு வந்துபோனவர் அண்ணை ஒருவர்தான். துறைமுகத்திலும் வள்ளத்தடியிலும் வளர்ந்தவருக்குத் தண்ணீரில் ஓர் எண்ணெய் வளையம் கண்ணில் படுகிற விசயமா? கப்புக்குப் பூசக் கழிந்த ஒயில் வாங்குகிறார்கள் என்று கராஜ்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. குளோரின் கிருமியைக் கொல்லும், மணல் சேற்றைப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்த ஒயிலை இரண்டும் ஒன்றும் செய்யாது. இந்த நகரம் முழுவதும் ஓடி ஓடித் தேடியது, எங்கள் குழாயைக் கட்டிய மரத்தில் இருந்தது.

கரைக்கு வந்து அக்காவிடம் கையைக் காட்டினேன். அவ மணந்து பார்த்தா. பிறகு கடலைப் பார்த்தா. நான் சொல்லத் தேவைப்படவில்லை.

மண்ணிலேயே இருந்துவிட்டா. அழுவா என்று நினைத்தேன். அழவில்லை. "மனுசன் ரெண்டு தரம் பூசினதப்பா" என்றா. "ஒருதரம் காணாது எண்டு, காஞ்ச பிறகு திருப்பிப் பூசினவர்."

"அக்கா, உறுதியாத் தெரியாது. நான் முதல் போத்தலிலை செய்து பாக்கிறன்."

செய்து பார்த்தேன். மத்தியானத் தண்ணீரில் ஒரு போத்தல், கப்புகளுக்குத் தூரத்தே அதே மத்தியானத்தில் எடுத்த தண்ணீரில் ஒரு போத்தல். அந்த நாட்கள் எனக்கு நகரவே இல்லை. வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்து சாப்பிட்டேன். கடைசியில் ஒரு போத்தலில் பாசி எண்ணெய்த் துளியைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றது. மற்றதில் மெலிந்து, துருதுருவென்று ஓடியது. நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் முந்தி அந்தக் கப்பில் கை ஊன்றியிருந்தால் அவர் இங்கே நின்றிருப்பார்.

"அண்ணைக்குச் சொல்ல வேணும்" என்றேன்.

"சொல்லாதேங்கோ." அக்கா உடனே சொன்னா. "அங்கை வெய்யிலுக்கை நிண்டு வேலை செய்யிற மனுசன். தன்ரை கையாலைதான் எல்லாம் போச்சுது எண்டு தெரிஞ்சால் இரவிலை படுக்கமாட்டார். வேண்டாம் தங்கச்சி."

அயலில் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு கப்புகளைப் பிடுங்கினோம். லேசில் வரவில்லை, அவர் நட்டது அப்படி. கரையிலிருந்து தூரத்தே இழுத்துக்கொண்டு போய்ப் போட்டோம். கானை மூடிக் கட்டி, கடல் எட்டாத ஒரு மூலைக்கு நானே கொண்டுபோனேன். புதிதாக நட்ட கப்புகளுக்கு ஒன்றும் பூசவில்லை. பழைய குழாயை மாற்றி, தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, தூரத்துத் தண்ணீரில் மிஞ்சிய பாசியிலிருந்து மறுபடி தொடங்கினேன். கெட்டுப்போன தண்ணீரிலிருந்து விடுபட்டதும் பாசி என்னைப்போல வன்மம் வைத்திருக்கவில்லை. சில தலைமுறை பெருகியதும் பழையபடி பொன்னிறமாகி ஓடத் தொடங்கியது. தெற்கே இருக்கிற தோழி, "இப்ப நல்ல கொழுப்பு திரும்பியிருக்கு, என்ன செய்தனி?" என்று கேட்டாள். கப்பை மாத்தினன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

அந்தப் பாசியை நம்பித் தாய் அட்டைகளை இன்னொருமுறை முட்டையிட வைத்தோம். ஐப்பசியில் ஒரு காலை அக்கா என்னைக் கூப்பிட்ட குரலில் நான் கையிலிருந்த போத்தலைப் போட்டுடைத்தேன். நுணுக்குக்காட்டியை அவவே திருப்பி வைத்திருந்தா. குடம்பியின் இரண்டு ஓரங்களிலும் கண்ணாடிமணிகள் வரிசையாக நின்றன. ஒன்றில் மட்டுமில்லை, பார்த்த எல்லாவற்றிலும். நான் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவ மீன்வாடையும் வியர்வையுமாக நின்று என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தா.

குஞ்சுகள் தகட்டில் ஒட்டிக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் அக்கா அண்ணையை வீடியோவில் கூப்பிட்டா. அவர் வேலை முடிந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்து வரை கறுத்துப்போயிருந்தார். அக்கா தகட்டைத் தண்ணீரோடு தூக்கிக் கமராவுக்குக் காட்டினா. கடுகு சிந்தினாற்போல் குஞ்சுகள்.

"உதெல்லாம் எங்கடையோ?" என்று கேட்டார். மூக்கை உறிஞ்சினார். "பண்ணை வலையைப் பாத்துத் தைச்சிட்டு விடுங்கோ. எங்கை, கடலை ஒருக்காக் காட்டு பாப்பம்."

அக்கா யோசிக்காமல் ஃபோனைக் கடல் பக்கம் திருப்பினா. நான் கையைப் பிடிக்கப் போனேன், பிந்திவிட்டது.

"உது என்ரை கப்பில்லையே" என்றார் அண்ணை. "என்ரை கறுப்புக் கப்புகள் எங்கை?"

அக்கா ஃபோனைத் தன் முகத்துக்குத் திருப்பினா. "புடுங்கிப் போட்டம்."

அங்கே பின்னால் யாரோ கதைக்கிற சத்தம் கேட்டது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவர் முகம் திரையில் அசையாமல் நின்றது. லைன் நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஒயிலோ?" என்று மெல்லக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தா. நான் தொட்டியைப் பார்த்தேன்.

"பூசாத கப்பு" என்றார் அவர் கடைசியாக. "மாரி வருகுது. உக்கிப்போகும்."

"உக்கட்டும்" என்றா அக்கா. "நீங்கள் வந்து புதுசு நடுங்கோ."